ஆறடி நன்மை

தொட்டுப் பாருங்க சார், பரவால்லீங்க. பஸ்ஸு கெளம்பறதுக்கு இன்னும் நேரமிருக்குது, டிரைவரு இப்பத்தான் வடையக் கையில எடுத்திருக்காரு. ரெண்டு சைக்கிளும் எங்களுதுதானுங்க. இந்தக் கருப்பு என்றது. அந்தச் சின்னப் பச்சை எங்கூட்டுக்காரியோடது. சம்பூரணம்னு பேரு. எதுத்த கடையில வர்க்கி பிஸ்கோத்து வாங்கப் போயிருக்கறா, வந்துருவா.

நீங்களும் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கறீங்களா? அப்பச் செரியான ஆளுகிட்டத்தான் வந்து நின்னிருக்கறீங்க. உக்காருங்க. இந்தப் பெஞ்சு ஆடாது. இந்த டீக்கடைத் தரையைப் பாருங்க, மலையில இப்பிடி மட்டமாத் தரை போடறதுக்கு ஒரு கை வேணும். எவன் போட்டானோ, ஒரு நூல் பிசகில்லை. ரசமட்டம் வெச்சுப் பாக்கோணும்னு அவசியமே இல்லீங்க, என்ற கண்ணே ரசமட்டம். கான்ட்ராக்டர் நாச்சிமுத்துன்னு காரமடையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முப்பது வருசமா ஊடு கட்டறேன். செவுரு சாஞ்சுது, சன்னல் கோணுச்சுன்னு ஒருத்தர் வந்து நின்னதில்லை. ஒரே ஒருத்தரு கூப்புட்டாரு. அதை அப்பறம் சொல்றனுங்க, அதுலயும் இந்தச் சைக்கிள் வருது.

போன தீவாளி முடிஞ்சு ரத்த டெஸ்ட்டுக்குப் போனதுல சக்கரைன்னுட்டாங்க. எனக்கு மட்டுமில்ல, அவளுக்கும். பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டிவெச்சாங்க, சக்கரையும் சேந்து பொருந்திப் போச்சு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. நாலு நாள் நடந்தோம். நடந்தா சண்டை வருதுங்க. கையில வேலையில்லாம வாய் சும்மா இருக்குது பாருங்க. அப்பத்தான் அவ சொன்னா, "ஏனுங்க, சைக்கிள்னா மூச்சு வாங்கும். பேச முடியாது. வாங்கிப் போடலாம்"ன்னு.

கோயமுத்தூர்ல ரியாஸ்னு ஒரு பையனோட கடை. நல்ல பையன். ஆனா சாஸ்திரம் தெரியாது. போனதும் என்னையச் செவுத்தோரம் நிறுத்தி, காலு எவ்வளவு நீளம், கை எவ்வளவு எட்டுதுன்னு அளந்து பாத்துட்டு, "அண்ணா, உங்களுக்கு மீடியம் ஃப்ரேமுங்ணா"ன்னான்.

நான் என்ன மீடியமான ஆளா சார்? காரமடையில என்ற சைட்டுல போயிக் கேளுங்க. சத்தம் போட்டன்னா சாரத்துல நிக்கறவன் எறங்கி வருவான்.

டேப்பை எடுத்தேன். டேப் இல்லாம நான் கோயிலுக்குக்கூடப் போறதில்லீங்க. டயர்ல இருந்து டயர் வரைக்கும் புடிச்சுப் பாத்தா மீடியம் ஆறடிக்கு ஒன்றரை இன்ச்சு கம்மி. பக்கத்துல நின்ன லார்ஜ் இருக்குது பாருங்க, இந்தா நிக்குதே இதேதான், கச்சிதமா ஆறடி. மனையடி சாஸ்திரம் எங்க ஆரம்பிக்குது? ஆறடியில. ஆறடி நன்மை. அதுக்குக் கீழ கணக்கே கெடையாது. பஞ்சாங்கத்துல பின்பக்கம் போட்டிருப்பாங்க, பாத்துக்கங்க. ரூம்புக்கு மட்டுந்தானா சாஸ்திரம்? மனுசன் மணிக்கணக்கா உக்காந்து எந்திரிக்கற எடத்துக்கெல்லாம் பொருந்தணுமுங்க.

"இதைக் குடு"ன்னேன். ரியாசு, "அண்ணா, ஃப்ரேம் நீளமானா ஹேண்டில் தூரமாப் போயிரும், கை எட்டாது. அப்பறம் கழுத்து போயிரும், முதுகு போயிரும்"ங்கறான். விக்கறவன் நாலு சொல்லத்தான் செய்வான். நாம காதுல போட்டுக்கலாமுங்களா.

இவ இருக்கறாளே, அளவே பாக்கலீங்க. ரியாசு ஒண்ணைக் காட்டுனான், ஏறி உக்காந்தா, தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "இது செரி"ன்னுட்டா. நான் அளந்து பாத்தா அஞ்சே முக்கால் அடிகூட வரலை. "அம்மிணி, இதுக்குச் சாஸ்திரத்துல எடமே இல்லை"ன்னேன். "நான் என்ன அதுக்குள்ள குடியா இருக்கப் போறேன்"ங்கறா. அவ வாயி அப்பிடி.

அடுத்தது ஹேண்டில்பாருங்க. இதுதான் முக்கியம், நீங்க நல்லாக் கேட்டுக்கோணும். ஃப்ரேமு அஸ்திவாரம். அதை மாத்த முடியாது. ஹேண்டில் ஒசரத்தை மட்டும் மாத்திக்கலாம். இந்த ஃபோர்க்குத் தண்டு மேல வருது பாருங்க, அதுல ஹேண்டிலைப் புடிச்சிருக்கற கழுத்து, ஸ்டெம்முன்னு பேரு. அந்தக் கழுத்துக்குக் கீழ ரியாசு மூணு வளையம் போட்டு வெச்சிருந்தான். வளையம் கீழ இருந்தா ஹேண்டில் ஒசரம். வளையத்தை உருவி கழுத்துக்கு மேல போட்டுட்டா ஹேண்டில் எறங்கிரும். அவ்வளவுதானுங்க விசயம்.

கடைச் செவுத்துல ஒரு படம் ஒட்டியிருந்துச்சு. வெள்ளைக்காரன் ஒருத்தன் பந்தயத்துல போறான், முதுகு சிலாப் போட்டாப்புல மட்டமா இருக்குது. ஹேண்டிலு முழங்காலுகிட்டக் கெடக்குது. அதைக் காட்டி, "மூணு வளையத்தையும் மேல போடு"ன்னேன். ஒசர ஹேண்டில்னா பால்கேன் கட்டிட்டுப் போறவங்களுக்குங்க. மலையேத்தத்துல ஹேண்டில் தாழ இருந்தாத்தான் முன்சக்கரம் தூக்காது, அது ரியாசே ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டு, "ஆனா உங்களுக்கு வேண்டாங்ணா"ன்னான். அதுதான் எனக்குப் புடிக்கலை.

இவளுது அப்பிடியே விட்டுட்டா. வளையமெல்லாம் கீழ, ஹேண்டில் மேல. கட்டில்ல உக்காந்து கீரை கிள்ளறவளாட்ட நிமிந்து உக்காந்துக்கிட்டுப் போறா. பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்குமுங்க. ஆனா அவதான் முன்னாடி போவா. எப்பிடின்னு தெரியலை.

முதல் மாசம் சுகமாத்தான் இருந்துச்சு. சுகம்னா, கழுத்து கொஞ்சம் புடிச்சுக்கும், விரலெல்லாம் மரத்துப் போகும், காப்பி டம்ளரைப் புடிச்சாப் புடிச்சிருக்கறனா இல்லையான்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். தொழில்னு வந்தா வலி இருக்கத்தானே செய்யும்.

அந்த ஒரே ஒருத்தர் கதை இப்பத்தான் வருது. சிறுமுகையில ஒரு ஊடு கட்டிக் குடுத்திருந்தேன். கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுவாரம் கூப்புட்டாரு. "நாச்சிமுத்து, மேல பாருங்க, சிலாப்ல விரிசல் உட்டிருக்குது." பாக்கோணும்னுதான் நெனைக்கறேன், கழுத்து நிமிர மாட்டேங்குது. முந்தின நாள்தான் பில்லூர் ரோட்டுல போயிட்டு வந்திருந்தோம். குனிஞ்சு அவரு காலைப் பாத்துக்கிட்டே நிக்கறேன். அவரு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாரு. அப்பறம் மனசு எளகிப் போயி என்ற தோளைத் தட்டி, "விடுங்க, இவ்வளவு வெக்கப்படாதீங்க, மேல்பூச்சுத்தான், பூசிக்கலாம்"ன்னுட்டாரு. முப்பது வருசத்துல தலை குனிஞ்சு நின்னது அந்த ஒருநாள்தானுங்க. அதுவும் நிமிர முடியாம.

ஊட்டுக்கு வந்து சொன்னா இவ சிரிக்கறா. எண்ணெயக் காய்ச்சி கழுத்துல தேச்சுக்கிட்டே, "அந்த ஹேண்டிலைக் கொஞ்சம் தூக்கித்தான் வெச்சாலென்ன"ன்னா. "கட்டின ஊட்டுல வாசக்காலை நகத்துவியா அம்மிணி"ன்னேன். குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு என்னமோ மொணகுனா. திரும்பி மொறைக்கலாம்னு பாத்தேன். கழுத்து திரும்பினாத்தானே மொறைக்கறது.

அதுக்குள்ள அவளுக்கு ஒரு கூட்டம் சேந்துருச்சு. அஞ்சாறு பொம்பளைங்க, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒண்ணாப் போறாங்க. டீச்சரம்மா ஒண்ணு, நர்ஸம்மா ஒண்ணு. எல்லாம் ஒசர ஹேண்டில். இவளுக்காக நானும் கூடப் போவேன். பின்னாடியேதான் போவேன், பாதுகாப்புக்கு. ஏத்தம் வந்தா எறங்கித் தள்ளுவேன். அதுவும் பாதுகாப்புக்குத்தான், யாராவது பின்னாடி சாஞ்சு விழுந்தாப் புடிக்கறதுக்கு.

பொங்கல் கழிஞ்சு ஒருநாள் அவ வட்டல்ல சோத்தைப் போட்டுட்டு எதுக்க உக்காந்தா. "ஏனுங்க, இப்பிடி வாரத்துல பாதி நாள் கழுத்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறதுக்கு எதுக்கு இந்தச் சைக்கிளு? ஒண்ணு செய்யலாம். கோடை மழை புடிக்கறதுக்குள்ள மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி. டீ குடிக்க எத்தனை தடவை வேணாலும் நிக்கலாம். ஆனா எறங்கித் தள்ளக்கூடாது. தள்ளாம ஏறிட்டீங்கன்னா நான் வாயே தொறக்கலை. தள்ளினீங்கன்னா இதை வித்துப்போடலாம். நீங்க மைதானத்துல நடங்க, நான் என்ற கூட்டாளிகளோட போய்க்கறேன்."

வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. அவ சொன்னாச் சொன்னதுதான்.

சார், உங்ககிட்ட என்ன மறைக்கறது, பஸ்ஸு ஏறிப் போயிருவீங்க. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து சைட்டு சைட்டுன்னு ஓடி, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் போன எடம்னா பழனி, இல்லாட்டி துக்கவூடு. மகளும் பெங்களூர் போயிட்டா. இப்பத்தான், இந்த வயசுலதான், காத்தால ரெண்டு பேரும் ஒண்ணாக் கெளம்பறோம். பேசிக்கறதில்லை, மூச்சு வாங்குது. ஆனாலும் ஒண்ணாப் போறோம். அவ மட்டும் கதவைச் சாத்திட்டுப் போயி, நான் அந்த ஊட்டுல பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதை நெனச்சுப் பாத்தேன். "ஏறிக் காட்டறேன்"ன்னுட்டேன்.

வேற யாராவதா இருந்தா அப்பவே ஹேண்டிலைத் தூக்கியிருப்பாங்க. நான் அசையலை. வைராக்கியம் வேணுமுங்க மனுசனுக்கு. தெனமும் காத்தால ஓடந்துறை வரைக்கும் போயிட்டு வருவேன். ஞாயித்துக்கெழம பெரிய சுத்து. அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்றது சும்மா இல்லை.

நம்பமாட்டீங்க, அடுத்த வாரமே தெரிஞ்சுதுங்க வித்தியாசம். விரலு மரக்கறது கொறைஞ்சுது. அதுக்கடுத்த வாரம் கழுத்து திரும்புச்சு. மூணாவது வாரம் ஒரு ஏத்தத்துல தள்ளாமப் போயிட்டேன், நானே திரும்பிப் பாத்துக்கிட்டேன். ஹேண்டிலு முன்ன எட்டாத தூரத்துல இருந்தது, இப்பக் கைக்குத் தானா வருது. ரியாசுகிட்ட போன் போட்டு, "தம்பி, நீ என்னமோ சொன்னியே, ஃப்ரேமு பெருசு கிருசுன்னு, இப்ப வந்து பாரு"ன்னேன். அவன் கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு, "நல்லதுங்ணா, நல்லதுங்ணா"ன்னான். தோத்துட்டான்ல, வேற என்ன சொல்லுவான்.

எப்பிடின்னு யோசிச்சுப் பாத்தனுங்க. செட்டில்மெண்ட்டு. புதுசாக் கட்டின ஊடே ஒரு மழை பாத்தா ஒரு நூல் எறங்கி உக்காரும். அதாட்ட சைக்கிளும் ஆளோட பாரம் தாங்கித் தாங்கி எறங்கிச் செட்டாயிருச்சு. சாஸ்திரப்படி வாங்கினதால செட்டாச்சு. இல்லாட்டி ஆகுமுங்களா. மேல போட்டிருந்த வளையத்துலகூட ஒண்ணு எங்கியோ உதிந்துருச்சு. அப்பறம் பாத்தா இன்னொண்ணையும் காணோம். பள்ளம் மேட்டுல ஆடி ஆடி விழுந்திருக்கும். விழுந்தா நல்லதுதானுங்களே, பாரம் கொறையுது.

இவளும் பாவம், அந்தச் சமயத்துல ஊட்டுல ஒரு தொல்லை. மிக்ஸி மக்கர் பண்ணிட்டே இருந்துச்சு. சனிக்கெழம மத்தியானம் நான் கறிச்சோறு தின்னுட்டுப் படுத்தா எந்திரிக்க சாயங்காலமாயிரும். எந்திரிச்சு வந்தா இவ போர்டிகோவுல கையெல்லாம் கருப்பு மசியோட நிப்பா. "என்ன அம்மிணி"ன்னா, "மிக்ஸி கழட்டிப் பாத்தேனுங்க"ம்பா. ஒரு சனிக்கெழம இல்லை, வரிசையா மூணு நாலு. "அந்தக் கருமத்தைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்"ன்னேன். "வேண்டாம், இப்பச் செரியாயிருச்சு"ன்னுட்டா. சிக்கனக்காரி. போற போக்குல என்ற சைக்கிளைக்கூடத் தொடச்சு வெப்பா. இந்தக் கழுத்து முன்ன மங்கலாக் கெடந்துச்சு, இப்பப் பாருங்க, புதுசாட்டப் பளபளங்குது.

இன்னைக்கு விடிகாலையில மேட்டுப்பாளையத்துல இருந்து கெளம்பினோம். அவ கூட்டாளிங்க யாரும் வரலை, ரெண்டு பேர்தான். அவளே அப்பிடிக் கேட்டுக்கிட்டாளாம். இந்தா அரவேணு வந்தாச்சு. டீக்கு நாலு தடவை நின்னோம். தள்ளலை சார். ஒரு எடத்துல, ஒரு எடத்துலகூடத் தள்ளலை. அவ முன்னாடி போயி ஒவ்வொரு வளைவுலயும் திரும்பித் திரும்பிப் பாக்கறா. இன்னும் கோத்தகிரி போர்டு வரைக்கும் இருக்கற ஏத்தந்தான் பாக்கி. அதுவும் ஏறிட்டன்னா இது எங்க ஊட்டுலயே இருக்கும்.

அதனால நான் சொல்றதைக் கேளுங்க. நல்லாப் பெரிய ஃப்ரேமா வாங்குங்க. ஹேண்டிலை அடியோட எறக்கிருங்க. யாரு என்ன சொன்னாலும் தூக்காதீங்க. இந்தா பாருங்க, என்றது எவ்வளவு தாழ இருக்குது, அவளுது எவ்வளவு...

என்னங்க? என்றதுதான் ஒசரமாத் தெரியுதுங்களா? கண்ணு ஏமாத்துமுங்க சார். தள்ளித் தள்ளி நிக்குது பாருங்க, அதனால. இருங்க, பக்கத்துல பக்கத்துல நகத்தி வெச்சுக் காட்டறேன். இந்தா. இப்பப் பாருங்க.

ம்.

சித்தெ இருங்க, டேப்பு இருக்குது. தரையில இருந்து... இதைக் கொஞ்சம் புடிங்க சார், இந்த முனைய. இது அவளுது. இது என்றது.

என்றதுதான் ஒசரம். ரெண்டு இன்ச்சுக்கு மேல.

வளையம் மூணும் இங்கதான் இருக்குதுங்க. கீழ. ஒண்ணும் உதிரலை. இந்தக் கழுத்தும் அந்தக் கழுத்து இல்லை. அதுல பாதி நீளந்தான் இருக்குது. வேற மாத்தியிருக்குது, அதான் ஹேண்டில் கைக்குக் கிட்ட வந்திருக்குது. பளபளங்கறது தொடச்சதால இல்லை.

அப்ப மிக்ஸி.

அந்த ரியாசுப் பய சிரிச்சதும் இதுக்குத்தான்.

முப்பது வருசமா ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் அளவெடுத்துக் குடுத்தேன் சார். என்ற அளவை இவ எடுத்திருக்கறா. நான் தூங்கறப்ப. ஒரு வாரத்துக்கு ஒரு வளையம், எனக்குத் தெரியக்கூடாதுன்னு பைய பையத் தூக்கியிருக்கறா. வித்துப்போடலாம்னு சொன்னவளே. நான் தள்ளாம ஏறோணும்னு எனக்கு எவ்வளவு ஆசை இருந்துச்சோ, அவளுக்கும் அவ்வளவு இருந்திருக்குது. நேராச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா? எங்க கேக்கறது.

ஒண்ணுமில்லீங்க, ஏத்தத்துல வந்தது, கண்ணுல வேர்வை எறங்குது. 

சார், அவ வர்றா. அந்த முனைய விடுங்க, டேப்பை உள்ள போட்டுக்கறேன். நான் எதையும் பாக்கலை. நீங்களும் பாக்கலை. செரிங்களா?

வா அம்மிணி. சூடா கெடச்சுதா வர்க்கி? சாருக்கு ஒண்ணு குடு. சாரு சைக்கிள் வாங்கப் போறாராமா, அதான் ஃப்ரேம் அளவெல்லாம் சொல்லிட்டிருந்தேன். ... வண்டியவா? நான்தான் நகத்தி வெச்சேன். ஏன் மூஞ்சி அப்பிடிப் போவுது உனக்கு? என்ற ஹேண்டிலு ஒரு பொடி ஒசரமாத் தெரியுதுன்னு சாரு சொன்னாரு. நான் சொன்னேன், ஹேண்டில் எல்லாம் அடியோட எறக்கித்தானுங்க இருக்குது, இந்தக் கடைத் தரைதான் அந்தப் பக்கம் மேடுன்னு. மட்டம் பாக்காம எவனோ போட்டிருக்கறான். ஏனுங்க சார், மேடுதானுங்களே?

பாத்தியா. சாரே சொல்லிட்டாரு. வண்டிய எடு அம்மிணி, போலாம். நீ முன்னாடி போ.